பாராமகால் 1792: நாம் வாழும் மண் கைமாறிய உடன்படிக்கை

ஆர்மீனியா என்ற சிறிய நாட்டைப் பற்றிய செய்திகள் சில ஆண்டுகளாகவே வந்துகொண்டிருக்கின்றன. மேற்கே துருக்கி, கிழக்கே அஸர்பைஜான், தெற்கே ஈரான், வடக்கே ஜார்ஜியாவைத் தாண்டினால் ரஷ்யா. இத்தனை பேருக்கு நடுவில் வாழும் அந்த மக்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நிலத்தை விட்டுக்கொடுத்தால் சமாதானம் கிடைக்குமா? அல்லது கொடுத்த பிறகு இன்னும் கேட்பார்களா?"

இது நமக்குத் தூரத்துக் கேள்வி அல்ல. இன்று நல்லம்பள்ளியும் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் இருக்கும் இந்த மண்ணை வைத்தே இதே கேள்வி ஒருகாலத்தில் எழுந்தது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் தம் ஆட்சிப் பகுதியில் பாதியை விட்டுக்கொடுத்தார். அந்தப் பாதிக்குள் நம் பகுதியும் இருந்தது. தேன்கனிக்கோட்டைக்காரரும் தருமபுரிக்காரரும் ஏழு ஆண்டுகள் வெவ்வேறு அரசுகளின் குடிமக்களாக வாழ்ந்தார்கள் என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

அந்த உடன்படிக்கை எப்படி வந்தது, எதைக் கொடுத்தார்கள், கொடுத்ததால் என்ன கிடைத்தது, பங்கு வாங்கியவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

பாராமகால் எது?

பாராமகால் என்பது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் பெரும்பகுதியையும், திருப்பத்தூர், வாணியம்பாடி வட்டாரத்தையும் சேர்த்துக் குறிக்கும் பழைய பெயர். 'பாரா' என்றால் பன்னிரண்டு. பன்னிரண்டு கோட்டைகளைக் கொண்ட நாடு என்பதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். அந்தப் பன்னிரண்டு எவை என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் வேறுபாடு உண்டு. கிருஷ்ணகிரி, ஜெகதேவி, மகாராஜகடை போன்ற மலைக்கோட்டைகள் பெரும்பாலும் அவற்றில் இடம்பெறும்.

இந்த நிலத்தின் மதிப்பு அதன் விளைச்சலால் மட்டும் வந்ததல்ல. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மேலே மைசூர் பீடபூமி. கீழே வேலூர், ஆற்காடு, சென்னை வரை நீளும் சமவெளி. இரண்டுக்கும் நடுவில் ஒரு படிக்கட்டுபோல இருப்பது பாராமகால். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தருமபுரி ஏறக்குறைய அதில் பாதி உயரம். மேலேயிருந்து கீழே இறங்கவும், கீழேயிருந்து மேலே ஏறவும் இங்குள்ள கணவாய்களே வழி. கிழக்கே சிங்காரப்பேட்டையைத் தாண்டிச் செங்கம் கணவாய். தெற்கே சேலத்துக்கு இறங்கும் தொப்பூர் கணவாய். இன்று லாரிகள் திணறிக்கொண்டு இறங்கும் அதே தொப்பூர் மலைப்பாதைதான்.

ஆகவே பாராமகாலை வைத்திருப்பவர் கையில் கதவின் சாவி இருந்தது. 1780 ஜூலையில் ஹைதர் அலியின் பெரும்படை செங்கம் கணவாய் வழியாகத்தான் ஆற்காட்டுச் சமவெளியில் இறங்கியது. சென்னையில் இருந்த கம்பெனிக்காரர்கள் அந்தக் கணவாய்களை அதன்பிறகு மறக்கவில்லை.

கை மாறிக்கொண்டே இருந்த மண்

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பகுதி கடப்பா நவாபின் அதிகாரத்தின் கீழ் வந்தது. 1760-களில் ஹைதர் அலியின் மைசூர் இதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. முதலாம் மைசூர்ப் போரின்போது 1768-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தருமபுரியைப் பிடித்தது. அதே ஆண்டின் இறுதியில் ஹைதர் அதை மீட்டுக்கொண்டார்.

1769-ல் ஹைதர் சென்னையின் வாசல் வரை வந்து நின்றபோது கம்பெனி சமாதானம் கேட்டது. பிடித்த இடங்களை இருவரும் திருப்பிக் கொடுப்பது, யார் மீதாவது வேறொருவர் படையெடுத்தால் மற்றவர் உதவிக்கு வருவது என்று உடன்பாடு ஆனது. அடுத்த ஆண்டே மராத்தியர்கள் மைசூர் மீது படையெடுத்தார்கள். ஹைதர் உதவி கேட்டார். கம்பெனி வரவில்லை. எழுத்தில் இருக்கும் வாக்குறுதி, அதை நிறைவேற்றுவது எழுதியவருக்கு லாபமாக இருக்கும்வரைதான் நிற்கும் என்பதை மைசூர் அப்போதே கண்டுகொண்டது.

1782 டிசம்பரில் ஹைதர் இறந்தார். திப்பு சுல்தான் போரைத் தொடர்ந்து, 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையோடு முடித்தார். பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பிக் கொடுத்தன. நம் பகுதி மைசூரிடமே இருந்தது.

மூன்று பேர் கூட்டணி

அன்றைய தென்னிந்தியாவில் நான்கு பெரிய சக்திகள் இருந்தன: மைசூர், ஹைதராபாத் நிஜாம், புனேயின் மராத்தியப் பேஷ்வா அரசு, கிழக்கிந்தியக் கம்பெனி. எந்த இருவரும் நிரந்தர நண்பர்கள் இல்லை. நான்கில் ஒன்றான மைசூர் மிகவும் பலம் பெற்றபோது மற்ற மூன்றும் ஒன்று சேர்ந்தன.

அதற்குத் திப்புவின் நடவடிக்கைகளும் காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1789 டிசம்பர் 29 அன்று அவர் படைகள் திருவிதாங்கூரின் எல்லை அரண்களைத் தாக்கின. திருவிதாங்கூர் கம்பெனியின் நட்பு அரசு. கொடுங்கல்லூர், ஆயக்கோட்டை ஆகிய இரு கோட்டைகளைத் திருவிதாங்கூர் மன்னர் டச்சுக்காரர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது செல்லாது என்பது திப்புவின் வாதம். வாதத்தில் நியாயம் இருந்ததா என்பது ஒருபுறம் இருக்கட்டும். காரணம் தேடிக் காத்திருந்த கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸுக்கு அந்தத் தாக்குதல் காரணத்தைக் கையில் கொடுத்தது. அதற்கு முன்பே குடகு மக்களையும் மங்களூர்க் கத்தோலிக்கர்களையும் பெருமளவில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுசென்றது, அண்டையில் இருந்தவர்களிடம் அச்சத்தையும் பகையையும் வளர்த்திருந்தது.

1790 கோடையில் கம்பெனி புனேயோடும் ஹைதராபாத்தோடும் தனித்தனி உடன்பாடுகள் செய்துகொண்டது. வெல்லும் நிலத்தை மூவரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வது என்பது அதன் சாரம். போர் முடியும் முன்பே பாகப்பிரிவினை பேசியாகிவிட்டது.

இந்தப் பட்டியலை நம் வீடுகளில் பேசும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிஜாம் ஒரு முஸ்லிம் அரசர். ஆற்காட்டு நவாபும் முஸ்லிம். அவரும் கம்பெனியின் பக்கமே. திப்புவின் திவானாக இருந்து வரவு செலவைப் பார்த்தவர் பூர்ணையா என்ற பிராமணர். 1791-ல் மராத்தியப் படையோடு வந்த கூட்டம் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, மடத்தைச் சீரமைக்க உதவி அனுப்பியவர் திப்பு. இந்தப் போரை மதப்போர் என்று யார் சொன்னாலும், எந்தப் பக்கத்திலிருந்து சொன்னாலும், அணிகள் நின்ற விதம் அதை மறுக்கிறது. அரசுகள் தத்தம் நலனைப் பார்த்து நின்றன.

போர் நம் ஊர் வழியே போனது

1790 நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல் தலைமையில் கம்பெனிப் படை ஒன்று பாராமகாலுக்குள் வந்து காவேரிப்பட்டணத்தருகே நின்றது. அதை மடக்கத் திப்பு வந்தார். மேக்ஸ்வெல்லுக்குத் துணையாக ஜெனரல் மெடோஸ் தெற்கேயிருந்து தொப்பூர்க் கணவாய் வழியாக ஏறி வந்து சேர்ந்தார். திப்புவோ அதே தொப்பூர் வழியாக வேகமாக இறங்கித் தெற்கே போய்விட்டார். பிடிக்க நினைத்தவர்கள் பின்னால் நின்றுவிட்டார்கள். இன்றைய நல்லம்பள்ளி வட்டாரத்தின் சாலைகள் அன்று இரண்டு பெரும் படைகளின் கால்பட்ட வழிகள். படை போகும் வழியில் வைக்கோலும் தானியமும் மாடுகளும் யாருக்கு மிஞ்சும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1791 மார்ச்சில் பெங்களூர் கோட்டை கம்பெனியிடம் வீழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் பெண்ணாகரம் கோட்டையை மேக்ஸ்வெல் தாக்கிப் பிடித்தார். அடுத்த சில நாட்களில் கிருஷ்ணகிரியைத் தாக்கினார். அடிவாரத்தில் இருந்த பேட்டையைப் பிடிக்க முடிந்ததே தவிர, மலைக்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. ஆயுதத்தால் கைப்பற்ற முடியாத அந்தக் கோட்டை சில மாதங்களில் காகிதத்தால் கை மாறியது.

உடன்படிக்கை என்ன சொன்னது?

1792 பிப்ரவரி தொடக்கத்தில் மூன்று படைகளும் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கின. பிப்ரவரி 6 இரவில் நடந்த தாக்குதலில் வெளி அரண்கள் விழுந்தன. திப்பு பேச்சுவார்த்தைக்கு இணங்கினார். பிப்ரவரி இறுதியில் முதற்கட்ட உடன்பாடும், மார்ச்சில் இறுதி உடன்படிக்கையும் ஆயின. முக்கிய விதிகள் நான்கு:

1. திப்புவின் ஆட்சிப் பகுதியில் பாதியை மூன்று கூட்டாளிகளுக்கும் கொடுக்க வேண்டும். அவரவர் எல்லையை ஒட்டிய நிலமாக அது இருக்கும்.
2. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் இழப்பீடு. அதில் பாதி உடனே; மீதி தவணைகளில்.
3. ஹைதர் காலம் முதல் பிடிபட்ட போர்க்கைதிகள் எல்லோரையும் விடுவிக்க வேண்டும்.
4. இவையெல்லாம் நிறைவேறும்வரை திப்புவின் இரண்டு மகன்கள் பிணையாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 26 அன்று அப்துல் காலிக், முயிஸுத்தீன் என்ற இரு சிறுவர்கள் கார்ன்வாலிஸின் கூடாரத்துக்கு அனுப்பப்பட்டார்கள். மூத்தவருக்குச் சுமார் பத்து வயது, இளையவருக்கு எட்டு. பின்னர் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டு, தவணைகள் தீர்ந்த பிறகு 1794-ல்தான் தந்தையிடம் திரும்பினார்கள்.

கம்பெனிக்குக் கிடைத்த பங்கு: மலபார், திண்டுக்கல், சேலம், பாராமகால். கிருஷ்ணா, துங்கபத்திரை நதிகளை ஒட்டிய வடபகுதிகள் மராத்தியர்களுக்கும் நிஜாமுக்கும் போயின. ஓசூர், தேன்கனிக்கோட்டை முதலிய மேல்தளப் பகுதிகள் மட்டும் திப்புவிடம் எஞ்சின. மலையேறும் முனையில் இருக்கும் ராயக்கோட்டையும் கம்பெனியிடம் போனது.

பங்குகள் வருவாய்க் கணக்கில் சமமாகத்தான் பிரிக்கப்பட்டன. ஆனால் நிலத்தின் தன்மையில் சமமில்லை. கூட்டாளிகளுக்கு வயலும் வரியும் கிடைத்தன. கம்பெனி மேற்கே மலபார் கடற்கரையையும், கிழக்கே கணவாய்களையும் எடுத்துக்கொண்டது. ஐரோப்பியக் கப்பல்கள் வந்து சேரும் கரையின் பெரும்பகுதி திப்புவுக்கு அடைபட்டது. சென்னையை நோக்கி அவர் இறங்கும் வழியும் அடைபட்டது. அதே வழி இப்போது கம்பெனி மேலே ஏறும் வழியாகத் திறந்துகொண்டது.

குடகு: கையெழுத்துக்குப் பின் வந்த கேள்வி

முதற்கட்ட உடன்பாடு ஆகி, மகன்களும் பிணையாகப் போன பிறகு, கம்பெனி குடகையும் கேட்டது. குடகு கம்பெனியின் எந்தப் பகுதிக்கும் எல்லை அல்ல, தலைநகருக்கு அருகில் இருப்பது. எல்லையை ஒட்டிய நிலம் என்றுதானே பேச்சு என்று திப்புவின் தரப்பு எதிர்த்தது. போரில் தங்களுக்கு உதவிய குடகு மன்னரைக் கைவிட முடியாது என்றது கம்பெனி. முற்றுகையை மீண்டும் தொடங்க ஏற்பாடுகள் நடந்தன. வேறு வழியின்றித் திப்பு இணங்கினார்.

பேச்சுவார்த்தை மேசையில் ஒருவரின் பலம் அவர் கையில் இன்னும் எஞ்சியிருப்பதைப் பொறுத்தது. பணத்தில் பாதி போய், பிள்ளைகளும் போன பிறகு, "பேசியது இதுவல்ல" என்று சொல்ல உரிமை இருக்கும். அந்த உரிமையைக் கேட்கச் செய்யும் பலம் இருக்காது.

வெளியுதவி ஏன் வரவில்லை?

திப்பு தனித்து நிற்க விரும்பியவர் அல்ல. 1780-களில் உஸ்மானியப் பேரரசின் தலைநகரான இஸ்தான்புலுக்கும், பிரான்ஸின் பாரிஸுக்கும் தூதுக்குழுக்களை அனுப்பினார். பாரிஸ் போன தூதர்களை 1788-ல் மன்னர் பதினாறாம் லூயி ஆடம்பரமாக வரவேற்றார். படை அனுப்பவில்லை. அடுத்த ஆண்டு பிரான்ஸிலேயே புரட்சி வெடித்தது. 1783-லும் இப்படித்தான்: ஐரோப்பாவில் பிரிட்டனும் பிரான்ஸும் சமாதானம் ஆகிவிட்டன என்ற செய்தி வந்தவுடன், திப்புவோடு சேர்ந்து போரிட்ட பிரெஞ்சுப் படை இங்கே போரை நிறுத்திவிட்டது.

உஸ்மானிய சுல்தானுக்கோ 1787 முதல் ரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் போர். அவருக்குப் பிரிட்டனின் நட்பு தேவைப்பட்டது. 1798-ல் பிரெஞ்சுக்காரர்கள் எகிப்தில் இறங்கியபோது, மூன்றாம் சலீம் சுல்தான் திப்புவுக்குக் கடிதம் எழுதினார். பிரெஞ்சுக்காரர்களோடு சேர வேண்டாம், ஆங்கிலேயரோடு பகை வேண்டாம் என்பது அதன் செய்தி. அந்தக் கடிதம் பிரிட்டிஷ் அதிகாரிகள் வழியாகவே திப்புவுக்கு வந்து சேர்ந்தது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தின் இக்கட்டு இஸ்தான்புலின் கணக்கில் சிறிய வரி. அதற்காக உஸ்மானியர்களைப் பழிப்பதில் பொருளில்லை. அவர்களுக்கும் அவர்கள் வாசலில் நெருப்பு இருந்தது. தொலைவில் இருக்கும் பெரியவர் நமக்காக இறங்கி வருவார் என்ற நம்பிக்கையின் மேல் ஒரு நாட்டின் பாதுகாப்பைக் கட்ட முடியாது என்பதுதான் இதில் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஏழு ஆண்டுச் சமாதானம்

1792-ல் கார்ன்வாலிஸ் மைசூரை முழுவதுமாக விழுங்கவில்லை. அப்போது அவருக்கு அது தேவைப்படவில்லை. போர்ச் செலவு ஏறிக்கொண்டிருந்தது. இந்தியாவில் நாடு பிடிப்பது பிரிட்டனின் விருப்பத்துக்கு மாறானது என்று 1784-ல் இயற்றிய சட்டத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே எழுதி வைத்திருந்தது. மைசூரை அடியோடு ஒழித்தால் மராத்தியரும் நிஜாமும் மிகவும் பெரிதாகிவிடுவார்கள் என்ற எண்ணமும் இருந்தது. பாதி மைசூர் உயிரோடு இருப்பது எல்லோருக்கும் வசதி. சமாதானத்துக்குக் காரணம் அந்த வசதிதான். வசதி மாறியதும் சமாதானமும் மாறியது.

1798-ல் வெல்லெஸ்லி கவர்னர் ஜெனரலாக வந்தார். திப்பு பிரெஞ்சுக்காரர்களோடு தொடர்பு வைத்திருக்கிறார் என்பது குற்றச்சாட்டு. 1799 பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை வேலூரிலிருந்து புறப்பட்டது. அது வந்த வழி எது? ஆம்பூர், வாணியம்பாடி, பிறகு நம் பாராமகால், அங்கிருந்து ராயக்கோட்டை. அந்தப் படைக்கு வேண்டிய தானியத்தையும் மாடுகளையும் திரட்டும் வேலையில் பாராமகாலின் நிர்வாகியாக இருந்த கர்னல் ரீடும் ஈடுபட்டார். மார்ச் முதல் வாரத்தில் மைசூர் எல்லையைத் தாண்டினார்கள். மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போர்க்களத்திலேயே ஷஹீதானார்.

முந்தைய போரில் இந்தக் கணவாய்களில் ஓராண்டுக்கு மேல் அலைந்த கம்பெனி, இந்தமுறை தன் சொந்த ஊரில் நடப்பதுபோல நடந்து போனது. 1792-ல் சமாதானத்துக்காகக் கொடுத்த நிலமே 1799-ல் போர் வந்த சாலை.

பங்கு வாங்கியவர்களுக்கு என்ன ஆயிற்று?

இது பலரும் கவனிக்காத பகுதி. கூட்டணியில் சேர்ந்து பங்கு வாங்கிய நிஜாம் 1795-ல் கர்தா என்ற இடத்தில் மராத்தியர்களிடம் தோற்றார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரே கூடாரத்தில் உட்கார்ந்து நிலம் பிரித்துக்கொண்டவர்கள் அவர்கள். கம்பெனி தலையிடாமல் நின்றது. அச்சத்தில் நிஜாம் 1798-ல் கம்பெனிப் படையைத் தம் நாட்டில் நிறுத்திக்கொண்டு, அதன் செலவை ஏற்கும் துணைப்படைத் திட்டத்தில் கையெழுத்திட்டார். 1800-ல் அந்தச் செலவுக்கு ஈடாக, 1792-லும் 1799-லும் மைசூரிடமிருந்து தமக்குக் கிடைத்த நிலம் முழுவதையும் கம்பெனிக்கே கொடுத்துவிட்டார். பெல்லாரி, அனந்தபூர், கடப்பா பகுதிகளுக்கு 'விட்டுக்கொடுக்கப்பட்ட மாவட்டங்கள்' என்ற பெயர் வந்தது இப்படித்தான். எட்டே ஆண்டுகளில் லாபம் வந்த வழியே போய்விட்டது.

மராத்தியப் பேஷ்வா 1802-ன் கடைசி நாளில் பஸ்ஸீன் உடன்படிக்கையில் இதே திட்டத்தில் கையெழுத்திட்டார். 1818-ல் பேஷ்வா ஆட்சியே முடிந்தது. அண்டை வீட்டின் சுவரை இடிக்க உதவியவர்களின் வீடுகளுக்கும் அதே கடப்பாரை வந்தது.

மண்ணில் வாழ்ந்தவர்கள்

நிலம் கை மாறியபோது அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு முதலில் தெரிந்தது, வரி கேட்டு வருபவர் மாறியிருக்கிறார் என்பதுதான்.

கர்னல் அலெக்ஸாண்டர் ரீட் 1792-ல் பாராமகால், சேலம் பகுதிகளின் பொறுப்பை ஏற்றார். அவருக்கு உதவியாளராக வந்த இளம் ராணுவ அதிகாரி தாமஸ் மன்றோ, தருமபுரியில் தங்கி ஏழு ஆண்டுகள் வேலை செய்தார். ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்தார்கள். ஒவ்வொரு உழவரோடும் தனித்தனியாக வரி நிர்ணயம் செய்தார்கள். பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் உருப்பெற்றது. மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராகவும் இருந்தார். இன்றும் நம் கையில் இருக்கும் பட்டா, சர்வே எண் என்ற ஏற்பாட்டின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

ஆனால் அந்த முறையும் நிலையாக நிற்கவில்லை. 1802 வாக்கில் நிலத்தை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். நம் பெரியவர்கள் வாயில் இன்னும் 'மிட்டாதார்' என்ற சொல் இருப்பது அதனால்தான். பாக்கி கட்ட முடியாமல் பல மிட்டாக்கள் முறிந்து, மீண்டும் ரயத்துவாரிக்கே வந்தன. சில ஆண்டுகளுக்குள் ஒரே வயலுக்கு இத்தனை ஏற்பாடுகள். மேலே கையெழுத்துப் போடுபவர்களுக்கு நிலம் என்பது வருவாய்த் தொகை. கீழே இருப்பவருக்கு அது அடுத்த வேளைச் சோறு.

ஆர்மீனியாவின் இன்றைய கவலை

இனி ஆர்மீனியாவுக்கு வருவோம். அதற்கும் நம் சென்னைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. திப்புவின் மகன்கள் விடுவிக்கப்பட்ட அதே 1794-ல், சென்னையில் ஆர்மீனியப் பாதிரியார் ஒருவர் 'அஸ்தரார்' என்ற இதழைத் தொடங்கினார். உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை அது. அப்போது ஆர்மீனியர்களின் தாயகம் உஸ்மானியருக்கும் பாரசீகருக்கும் இடையே பங்கிடப்பட்டுக் கிடந்தது. சென்னையில் வாழ்ந்த ஆர்மீனிய வணிகர் ஷஹாமிர் ஷஹாமிரியன், இல்லாத தம் நாட்டுக்கு ஓர் அரசியல் சாசனத்தையே இங்கே அச்சிட்டார். பாரிமுனையில் மக்கள் 'அரண்மனைக்காரன் தெரு' என்று சொல்வது ஆர்மீனியன் தெருவைத்தான்.

1991-ல் ஆர்மீனியா தனி நாடானது. ஆர்மீனியர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நாகோர்னோ கராபாக், சட்டப்படி அஸர்பைஜானின் எல்லைக்குள் இருந்தது. 1994-ல் முடிந்த போரில் ஆர்மீனியத் தரப்பு கராபாக்கையும் சுற்றியிருந்த ஏழு மாவட்டங்களையும் பிடித்துக்கொண்டது. லட்சக்கணக்கான அஸர்பைஜானியர்கள் அகதிகளானார்கள். அன்று பலம் இருந்தபோது அந்த மாவட்டங்களை வைத்துப் பேசி முடித்திருக்க வேண்டும் என்று ஆர்மீனியர்களில் சிலரே சொன்னார்கள். உடன்பாடு வரவில்லை.

2020-ல் 44 நாள் போரில் நிலைமை தலைகீழானது. துருக்கியின் ஆதரவோடு அஸர்பைஜான் வென்றது. ரஷ்யா போர்நிறுத்தம் செய்துவைத்து அமைதிப்படை அனுப்பியது. ஆனால் 2022-ல் ரஷ்யா உக்ரைன் போரில் இறங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் கராபாக்குக்கான லாச்சின் பாதை அடைக்கப்பட்டது; அமைதிப்படையால் அதைத் திறக்க முடியவில்லை. 2023 செப்டம்பரில் ஒரே நாள் தாக்குதலில் கராபாக் வீழ்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் சில நாட்களில் ஊரைக் காலி செய்தார்கள். 2024-ல் எல்லையோரத்தில் நான்கு கிராமங்களின் நிலத்தை ஆர்மீனிய அரசு அஸர்பைஜானிடம் ஒப்படைத்தபோது, தலைநகர் யெரவானில் ஒரு பேராயர் தலைமையில் பெரும் போராட்டம் நடந்தது. 2025 ஆகஸ்டில் வாஷிங்டனில் இரு நாடுகளும் சமாதான வாசகத்துக்கு முதல் ஒப்புதல் தந்தன. ஆர்மீனியாவின் தென்பகுதியான சியூனிக் வழியாக, அஸர்பைஜானின் தனித்துக் கிடக்கும் நக்சிவான் பகுதிக்குப் பாதை அமைப்பதும் அதில் அடக்கம். அந்தப் பாதை அமெரிக்கப் பங்கேற்போடு அமையும் என்றதும் ஈரான் கவலை தெரிவித்தது.

இங்கேயும் மதக்கணக்கு பொருந்தவில்லை. முஸ்லிம் நாடான ஈரான் கிறிஸ்தவ ஆர்மீனியாவோடு நல்லுறவில் இருக்கிறது. முஸ்லிம் பெரும்பான்மையுள்ள அஸர்பைஜான் இஸ்ரேலிடம் ஆயுதம் வாங்குகிறது. ஆர்மீனியர்கள் நம்பியிருந்த கிறிஸ்தவ ரஷ்யா தேவையான நேரத்தில் வரவில்லை.

அவர்களின் கவலையைப் பாராமகாலின் கதையிலிருந்து நம்மால் எளிதில் புரிந்துகொள்ள முடியும். நான்கு கிராமங்கள் அளவில் சிறியவை. அவற்றின் வழியே போகும் சாலை யாருடையது, அடுத்த கோரிக்கை எது, உறுதி சொன்னவர் நாளை இருப்பாரா என்பவைதான் அவர்களை உறங்கவிடாத கேள்விகள். அஸர்பைஜானிய அகதிக் குடும்பங்களும் முப்பது ஆண்டுகள் இதே வேதனையோடுதான் இருந்தன என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

விட்டுக்கொடுப்பதே தவறா?

விட்டுக்கொடுத்துச் செய்யும் சமாதானம் எல்லாமே தோல்வி என்று ஒரு முஸ்லிமால் சொல்ல முடியாது. ஹிஜ்ரி 6-ல் ஹுதைபிய்யாவில் நபி (ஸல்) அவர்கள் செய்த உடன்படிக்கை நம் கண்முன் இருக்கிறது. அவ்வாண்டு உம்ரா செய்யாமலே திரும்பினார்கள். உமர் (ரலி) அவர்கள் போன்றவர்களுக்கே அதன் விதிகள் கசந்தன. ஆனால் அதில் மதீனாவின் வாசல் எதுவும் யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. பத்தாண்டுப் போர்நிறுத்தம் கிடைத்தது. எந்தக் கோத்திரமும் விரும்பிய பக்கம் சேரலாம் என்ற உரிமை கிடைத்தது. அடுத்த உம்ராவுக்கான நாள் எழுத்தில் உறுதியானது. இரண்டு ஆண்டுகளில் மறுதரப்பு அதை மீறியபோது, மதீனா முன்பைவிடப் பலமாக இருந்தது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடந்தது வேறு. விட்டுக்கொடுத்தவரின் பலம் குறைந்தது. பெற்றவரின் கை வாசல் வரை நீண்டது. அந்த இக்கட்டில் திப்புவுக்கு வேறு வழி இருந்ததா என்று இன்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்பு எழுதுவது எளிது. முற்றுகையில் சிக்கிய நகரத்தின் மக்களைக் காக்கும் பொறுப்பு அவர் தலைமேல் இருந்தது. மூன்று அண்டை நாடுகளும் ஒன்று சேரும் நிலை வந்த 1790-லேயே பாதி தோல்வி நடந்துவிட்டது என்று சொல்வதே பொருத்தம். அண்டையில் ஒருவரையாவது நண்பராக வைத்திருந்தால் மேசையின் எதிர்ப்புறம் மூன்று பேர் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?

திப்பு சுல்தானின் பெயர் இன்று மேடைகளில் இழுபடுகிறது. ஒருவர் அவரைக் கொடுங்கோலர் என்கிறார். இன்னொருவர் குறையே இல்லாதவர் என்கிறார். நம் வீடுகளில் பிள்ளைகள் பெரும்பாலும் கைப்பேசியில் வரும் துண்டுக் காணொளிகள் மூலமே அவரை அறிகிறார்கள். அவருடைய வீரத்தையும் நிர்வாகத் திறனையும் சொல்லும்போதே, குடகிலும் மங்களூரிலும் நடந்ததையும் சொல்ல நமக்குத் துணிவு வேண்டும். உண்மையை முழுவதும் சொல்பவர் பேச்சைத்தான் அண்டை வீட்டாரும் நம்புவார்கள்.

அதற்கான பாடப்புத்தகம் நம்மைச் சுற்றியே இருக்கிறது. கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் ராயக்கோட்டையும் பார்க்கக்கூடிய தொலைவில்தான் நிற்கின்றன. விடுமுறையில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகலாம். தொப்பூர்க் கணவாயில் பேருந்து இறங்கும்போது, இந்த வழியை ஏன் நான்கு அரசுகள் விரும்பின என்று கேட்டுப் பார்க்கலாம். பழைய சேலம் மாவட்டத்திலிருந்து 1965-ல் தருமபுரியும், அதிலிருந்து 2004-ல் கிருஷ்ணகிரியும் பிரிந்தன. பிரிவினை, எல்லை என்ற சொற்கள் இன்று நமக்கு அலுவலகம் மாறுவதை மட்டுமே குறிக்கின்றன. ஒருகாலத்தில் இதே எல்லைக்காக எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் பிணையாகப் போக வேண்டியிருந்தது.